ஈறு ஒட்டு அறுவை சிகிச்சையில் நோயாளியின் சொந்த ரத்தம்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற பல்லுக்கு, மேலண்ணத்திலிருந்து மெல்லிய இணைப்புத் திசுவை எடுத்து ஈறுக்கு அடியில் வைத்துத் தைப்பது பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்டுவரும் சிகிச்சை. இதில் நோயாளிகள் பெரும்பாலும் பயப்படுவது ஈறில் போடும் தையலுக்கு அல்ல, அண்ணத்தில் விழும் புண்ணுக்குத்தான். ஒரு வாரம் காரம் தொட முடியாது, சூடாகக் காபி குடிக்க முடியாது. அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் ரத்தமே போதும், அண்ணத்தில் கத்தி படாது' என்று விளம்பரங்கள் வருகின்றன. அதனால்தான் இந்த அறிக்கை.

பேசப்படும் பொருளின் பெயர் பிஆர்எஃப் (தட்டணு மிகுந்த ஃபைப்ரின்). 2001இல் பிரான்ஸில் ஜோசஃப் ஷுக்ரூன் அறிமுகப்படுத்தியது. நோயாளியின் கையிலிருந்து சுமார் 10 மில்லி கொள்ளும் குழாய்களில் ரத்தம் எடுக்கிறோம். உறைவைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. ஆகவே எடுத்த கையோடு சென்ட்ரிஃப்யூஜில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் குழாயிலேயே உறைந்து வீணாகும். நிமிடத்துக்கு 2,700 சுற்று, 12 நிமிடம் என்பது பரவலாக வழங்கும் ஒரு கணக்கு. சுழன்று முடிந்ததும் அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் நீர், நடுவே வழவழப்பான ஃபைப்ரின் கட்டி. இடுக்கியால் அதை எடுத்து, ஒட்டியிருக்கும் சிவப்புப் பகுதியை நறுக்கிவிட்டு அழுத்தினால் சவ்வு தயார். அதில் சிக்கியிருக்கும் தட்டணுக்கள் சில நாட்களுக்கு வளர்ச்சிக் காரணிகளை வெளிவிட்டுக்கொண்டிருக்கும்.

இந்தச் சவ்வை அண்ணத்துப் புண்ணின் மேல் வைத்துத் தைப்பதை ஆதரிக்கிறோம். வலி குறைவதையும் புண் சீக்கிரம் மூடுவதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும் கட்டாயம் என்று சொல்ல மாட்டோம். கொலாஜன் பஞ்சும் அண்ணத்தை மூடும் தட்டும்கூடப் பயன்படுகின்றன.

ஆனால் அண்ணத் திசுவுக்கு மாற்றாகப் பிஆர்எஃப் சவ்வை வைப்பதை வழக்கமான சிகிச்சையாக நாங்கள் ஏற்கவில்லை. மெலிந்த ஈறுக்குத் தேவை தடிமன். இந்தச் சவ்வோ சில வாரங்களுக்குள் கரைந்துவிடும். கெட்டியான ஈறின் அகலத்தைக் கூட்டுவதில் அண்ணத் திசுவே முன்னிற்கிறது. அண்ணமே மெலிந்திருந்தாலோ, விளக்கிச் சொன்ன பிறகும் நோயாளி மறுத்தாலோ பிஆர்எஃப் வைக்கலாம், பலன் குறையக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு கரைந்துபோயிருந்தால் எதை வைத்தாலும் வேர் முழுவதும் மூடும் என்று உறுதி சொல்ல முடியாது. இதை ஏனோ விளம்பரங்கள் சொல்வதில்லை.

'சொந்த ரத்தம்தானே' என்ற அலட்சியம் மருத்துவர்களிடமும் உண்டு. ஆய்வகப் பரிசோதனைக்காகச் செய்யப்பட்ட பிளாஸ்டிக் குழாய்கள் சிலவற்றின் உட்புறம் சிலிக்கா பூசப்பட்டிருக்கும். அதன் துகள்கள் கட்டியோடு சேர்ந்து வாய்க்குள் போகலாம். எனவே சிகிச்சைக்கென அனுமதி பெற்ற குழாய்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுற்று எண்ணிக்கையை மட்டும் குறித்துவைப்பதும் போதாது. சென்ட்ரிஃப்யூஜ் ரோட்டரின் ஆரம் மாறினால் விசையும் மாறும். ஒரே நேரத்தில் இருவருக்குச் சிகிச்சை நடந்தால், ரத்தம் எடுத்த இடத்திலேயே குழாயில் பெயர் எழுதப்பட வேண்டும். ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, தட்டணுக் குறைபாடு உள்ளவரா, புகைபிடிப்பவரா என்று நோயாளியிடம் கேட்டறிந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

பிஆர்எஃப் ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. அப்படி எழுதிய பலகைகளை எங்கள் உறுப்பினர்கள் உடனே அகற்ற வேண்டும். பிஆர்எஃப்புக்கான கட்டணத்தை ரசீதில் தனியே காட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் நோயாளிக்கு, அது இல்லாமலே ஒட்டு அறுவை சிகிச்சை செய்துகொடுக்க வேண்டும்.