சூடேறிய வண்டி



தலவாக்கலைக்கு வரும் வழியில் சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேனை நிறுத்துகிறீர்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆன வண்டி! உடனே "கண்ணூறு பட்டுவிட்டது" என்பார்கள். கண்ணூறு உண்மை என்பது ஹதீஸ். அதற்காக ஸ்டார்ட்டரின் பழுதையும் அதன் தலையில் கட்டலாமா?

கினிகத்தேனையிலிருந்து ஏற்றம் ஏறி வந்த எஞ்சின், நின்றதும் காற்றோட்டமின்றித் தன் சூட்டைப் பக்கத்திலுள்ள ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கொடுக்கிறது. செப்புக் கம்பி 100 பாகை மேலதிகமாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 40 வீதம் கூடும். தளர்ந்த பெற்றரிக்கு அது பெரிய சுமை.

சில்லுகளுக்குக் கல் வைத்து, பிள்ளைகளைப் பாதையோரமாக இறக்குங்கள். பொனட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றவோ, ரேடியேட்டர் மூடியைத் திறக்கவோ விடாதீர்கள். ஆறியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று மறந்துவிடவும் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகல்லவா தவக்குல்! புதுப் பெற்றரி வாங்குமுன் அதன் முனைகளையும் எர்த் வயரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், செலவு சொற்பம். பிறகும் தொல்லை என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். புகைக்குழாய் அருகில் இருந்தால் இடையில் ஒரு தகட்டு மறைப்பும் போடலாம்.

பிரசவத்துக்கு நுவரெலியா புறப்படும் இரவில் இதெல்லாம் செய்ய நேரமிராது. வண்டியை இப்போதே காட்டிவிடுங்கள்.