உருமாறும் இயந்திரனும் அவனுடைய குட்டித் தோழனும்



தமிழாசிரியருக்கும் கடைப் பொம்மைக்கும் என்ன உறவு என்று சக ஆசிரியர்கள் வியக்கக்கூடும். உறவு உண்டு. நம் தமிழ்மொழிப் பாடத்தில் கேட்டல், பேச்சு என்னும் திறனே முதலில் நிற்கின்றது. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, ஒரு பிள்ளை எப்படிப் பேசுகின்றது என்பதை வகுப்பிலேயே கவனித்து மதிப்பிடும் பொறுப்பு நமக்கு இன்னும் கூடியிருக்கின்றது. ஆனால், ஆண்டு 1 பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் என்ன கிடைக்கின்றது? "இது என்ன?" "பஸ்." "யார் இருக்காங்க?" "அம்மா." அவ்வளவுதான். நாம் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை பிள்ளை வாய் திறவாது. அது பேச்சாகாது, விசாரணையாகத்தான் ஆகும்!

இந்தப் பிள்ளைகளுக்குச் சொல் தெரியாது என்று நான் நம்பவில்லை. திடலில் அவர்கள் போடும் கூச்சலைக் கேட்டால் தெரியும். வகுப்பில் யாரிடம், எதற்காகப் பேசுவது என்பதுதான் அவர்களுக்குப் புரிவதில்லை. அந்தக் காரணத்தை ஒரு பொம்மை கொடுக்குமா என்று பார்க்கும் எண்ணத்தோடு, சிரம்பானில் பழைய விளையாட்டுப் பொருள்கள் விற்பவர் ஒருவரிடம் ஐம்பது ரிங்கிட் கொடுத்து ஓர் உருமாறும் இயந்திரனை வாங்கினேன். இப்போது மூன்று தவணைகளாக அது என் வகுப்பில் இருக்கின்றது. ஆகவே, கடைக்காரரைப் போல அல்லாமல், பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்.

பொம்மையின் பெயர் ஹார்டுஹெட். ஹாஸ்புரோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டைட்டன்ஸ் ரிட்டர்ன்' என்னும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையைச் சேர்ந்தது. பச்சை நிறம், ஒரு சாண் உயரம்கூட இல்லை. கை கால்களை மடக்கித் திருப்பினால் பீரங்கி வண்டியாகிவிடும். இதில் புதுமை அந்த உருமாற்றத்தில் இல்லை, தலையில் இருக்கின்றது. தலையைத் தனியே கழற்றலாம். கழற்றி விரித்தால் அது கட்டைவிரல் அளவுள்ள ஒரு குட்டி மனிதன். அவனுக்கு ஃபியூரோஸ் என்று பெயர். வண்டியாக இருக்கும்போது அவன் ஏறி அமர்ந்து ஓட்டுகின்றான். வண்டி எழுந்து நின்றால் உடலைச் சுருட்டிக்கொண்டு தலையாகிவிடுகின்றான். 'கெட்டித்தலை' என்று பெயர் வைத்துக்கொண்டு சொந்தத் தலை இல்லாமல் நிற்கும் இயந்திரனைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படித் தலையாக மாறும் குட்டி மனிதர்களைக் கொண்ட பொம்மைகள் 1987ஆம் ஆண்டிலேயே வந்தவை. அந்த வரிசைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹெட்மாஸ்டர்ஸ்'. எங்கள் தலைமையாசிரியரிடம் இதனைச் சொன்னபோது அவர் ரசித்தார் என்றே நினைக்கின்றேன்.

இந்தக் குட்டித் தோழனுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானின் தக்காரா நிறுவனம் 1974ஆம் ஆண்டில் 'மைக்ரோமேன்' என்ற பெயரில் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள சிறு மனிதர்களை விற்றது. 1980இல் 'டயக்லோன்' வரிசை வந்தது. அதில் பெரிய இயந்திரங்களும், காலடியில் காந்தம் பொருத்திய மிகச் சிறிய ஓட்டுநர்களும் இருந்தார்கள். அங்கே இயந்திரம் வெறும் இயந்திரம்தான். உயிர் அந்தக் குட்டி ஓட்டுநருக்கே. 1984ஆம் ஆண்டில் ஹாஸ்புரோ இந்தப் பொம்மைகளை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றபோது ஓட்டுநர்களை நீக்கிவிட்டு, இயந்திரங்களையே உயிருள்ளவை ஆக்கியது. மார்வெல் நிறுவனத்தின் பாப் புடியான்ஸ்கி என்பவர் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். யார் கோபக்காரன், யார் பயந்தாங்கொள்ளி, யார் வாயாடி என்பதெல்லாம் அவர் எழுத்தில் பிறந்தவையே. அச்சில் வார்த்த அதே நெகிழிக்குச் சொல் வந்து சேர்ந்தவுடன் உலகம் முழுவதும் விலைபோயிற்று. மொழியாசிரியர்களுக்கு இது இனிப்பான செய்திதானே! ஓட்டுநர்கள் போய்விட்டாலும், தொடக்ககாலக் கார்கள் சிலவற்றில் அவர்கள் அமர்ந்திருந்த இருக்கைகள் வெறுமையாக அப்படியே இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து ஹெட்மாஸ்டர்ஸ் வரிசை குட்டி மனிதனைத் திரும்ப அழைத்து வந்தது.

நம் நாட்டிலும் இந்தத் தோழன் இருக்கின்றான். 2011ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்த போபோய்போயின் பக்கத்தில் மிதந்து வரும் மஞ்சள் உருண்டையான ஓச்சோபோட்டை அறியாத பிள்ளை நம் பள்ளிகளில் இல்லை. நம் பிள்ளைகள் அவனோடு மலாயில் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தமிழில் பேசுவதற்கும் ஒருவன் வேண்டும் என்பதே என் கவலை.

இனி வகுப்பில் நடந்ததற்கு வருவோம்.

முதலில் பெரிய இயந்திரனைப் பற்றி. இவன் வினைச்சொற்களின் சுரங்கம். பீரங்கி வண்டியை இயந்திரனாக மாற்றுவது எப்படி என்று ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சொல்பவர் கையால் தொடக்கூடாது. இதுதான் நான் வைத்த ஒரே விதி. முதல் நாள் "இத இப்படி பண்ணி, அப்புறம் அத புஷ் பண்ணி" என்றுதான் வந்தது. கேட்ட பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை; வண்டி வண்டியாகவே கிடந்தது. அப்போதுதான் சொல்லின் தேவை பிறந்தது. மடக்கு, விரி, நிமிர்த்து, செருகு, கழற்று, நெம்பு, பொருத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அதற்கு மேலும் போனோம். கை மடங்கியது, கையை மடக்கினான். தலை திரும்பியது, தலையைத் திருப்பினான். தலை கழன்றது, தலையைக் கழற்றினான். வண்டி மாறியது, வண்டியை மாற்றினான். தன்வினை பிறவினை என்று பெயர் சொல்லாமலேயே ஆண்டு 2 பிள்ளைகள் அந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். "கழன்றிச்சா, நீ கழற்றினியா?" என்று ஒரு பையன் இன்னொருவனைக் குறுக்கு விசாரணை செய்ததைக் கேட்டபோது, இலக்கணப் பாடம் நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு அன்று இல்லாமற்போயிற்று.

ஆனால், பெரிய இயந்திரனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாமாக விளையாடும்போது பேச்சு குறைவு. மும்முரமாக மாற்றுவார்கள், மோதவிடுவார்கள், வாயால் வெடிச்சத்தம் போடுவார்கள். குட்டித் தோழன் கையில் வந்தால்தான் கதை வருகின்றது. இரண்டு உருவங்கள் இருந்தால் ஒன்று மற்றொன்றிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. ஒருவன் பெரியவன், ஒருவன் சிறியவன். இந்த ஏற்றத்தாழ்வே உரையாடலுக்குப் போதும். குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளை, பொருளிலிருந்து அதன் பொருண்மையைப் பிரித்தெடுக்கப் பழகுகின்றது என்று ருஷ்ய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி 1933ஆம் ஆண்டிலேயே ஓர் உரையில் விளக்கியிருக்கின்றார். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லித் தர வேண்டியிருந்ததில்லை. சார்டின் டின்னில் வண்டி செய்து, பழைய சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரம் வைத்து, உள்ளே ஒரு ரப்பர் விதையை ஓட்டுநராக அமர்த்திய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த விதைக்கும் பெயர் இருந்தது. அதுவும் பேசியது.

பீரங்கி வண்டி என்பது எனக்குப் பிடித்தமில்லாத ஒன்றுதான். கொலைக்கருவியை வகுப்பிற்குள் கொண்டுவந்துவிட்டோமே என்ற உறுத்தல் இருந்தது. பிள்ளைகள் அதனை இரண்டே வாரத்தில் தீர்த்துவிட்டார்கள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு மாணவி, பீரங்கிக் குழல் குலை தூக்கும் கை என்று அறிவித்துவிட்டாள். அன்றிலிருந்து ஹார்டுஹெட் பழக்குலை ஏற்றுகின்றான்; ஃபியூரோஸ் குலைகளை எண்ணுகின்றான். காயா, பழமா, அழுகலா என்று சொல்வதும் அவன் வேலைதான்.

இதில்தான் ஒரு சிக்கல் தலைகாட்டியது. சக ஆசிரியை ஒருவர் சில நாள்கள் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்கள் பெரிய இயந்திரன் எந்த மொழியில் பேசுகிறான் என்று பார்த்தீர்களா?" பார்த்தேன். பெரியவன் "கோ! ஃபாஸ்ட்!" என்றும், சில வேளைகளில் "செப்பாட்!" என்றும் ஆணையிடுகின்றான். குட்டித் தோழன்தான் "இருங்கண்ணே, நான் ஏறிக்கிறேன்" என்கிறான். எல்லாப் பிள்ளைகளின் விளையாட்டிலும் இல்லை. ஆனால், பலருடைய விளையாட்டில் அப்படித்தான். துரை ஆங்கிலத்தில் அதட்டினார், நம் பாட்டன்மார் தமிழில் பணிந்தார்கள். அந்தத் தோட்டத்தையே பிள்ளைகள் பொம்மையில் நடித்துக் காட்டுகிறார்கள் என்று அந்த ஆசிரியை வருந்தினார். லாபு, நீலாய் வட்டாரங்களில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கும் பள்ளிகள் உண்டு. இந்தப் பிள்ளைகளில் பலர் துரையைக் கண்டதே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பாத்திரப் பங்கீடு?

அவர் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. வலிமையுள்ளவன் வேறு மொழி பேசுவான் என்று ஏழு வயதிலேயே ஒரு பிள்ளைக்குத் தோன்றுமானால், நாம் எத்தனை மொழி வாழ்த்துப் பாடியும் பயனில்லை. இருந்தாலும் நான் வேறொன்றையும் பார்க்கின்றேன். வண்டியை ஓட்டுபவன் யார்? அந்தக் குட்டி. தலை யாருடையது? அவனுடையது. அவன் இல்லாமல் பெரியவன் கழுத்தோடு நிற்கும் முண்டம். பொம்மையின் அமைப்பே அப்படி இருக்கும்போது, அதனைப் பிள்ளைகளிடம் கேட்டுவிடுவது எளிதாயிற்று. "தலையே ஃபியூரோஸ்தான் என்றால் பெரியவன் வாயால் பேசுவது யார்?" என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவன், "அப்ப இவனும் தமிழ்தான் பேசணும் சார்" என்றான். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "தலையா மாறுனதும் அவனுக்கு இங்லீஷ் வந்துடும்" என்று ஒருத்தி வாதாடினாள். அந்த வாதம் பத்து நிமிடங்கள் நடந்தது, முழுவதும் தமிழில். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டபோது ஒரு சொல்லோடு நின்றவர்கள் அவர்களே.

அந்த வாதத்தை நான் முடித்து வைக்கவில்லை. இன்றும் பெரியவன் சில நாள்களில் ஆங்கிலம் பேசுகின்றான். ஆனால், இப்போது அவனைப் பார்த்து, "தமிழ்ல சொன்னாதான் வண்டிய எடுப்பேன்" என்று மறுக்கும் துணிவு குட்டிக்கு வந்திருக்கின்றது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியோடு ஒதுங்கிவிடாதீர்கள். நாளுக்குப் பத்து நிமிடம் அந்தக் குட்டி மனிதனாக நீங்கள் பேசுங்கள். செனாவாங்கில் இரவு வேலை முடித்துக் களைத்து வருபவருக்கும் இது முடியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம். இலக்கணத் தமிழ் வேண்டியதில்லை, வீட்டுத் தமிழ் போதும். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் திருத்தாதீர்கள். குட்டி தமிழில் பதில் சொல்லட்டும்.

வாங்கலாமா என்று கேட்டால், யோசித்து வாங்குங்கள் என்பேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டிலிருந்து 1,700 ரிங்கிட். அதன்படி ஐம்பது ரிங்கிட் என்பது ஒருவருடைய ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி. ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று வாங்குவதைவிட, பெற்றோர் ஆசிரியர் சங்கம் வகுப்புக்கு ஒன்று வாங்கி வைப்பது நலம். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போலிகளை நானும் பார்த்தேன். அவற்றின் மூட்டுகள் விரைவில் தளர்ந்துவிடுகின்றன. சிலவற்றில் குட்டித் தோழனே இல்லை. குட்டி இல்லாதது எனக்கு எதற்கு? நல்ல பொம்மையிலும் குறை உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் சில முறை பெரியவர் உதவி வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கை கழன்று வரும் (திரும்பப் பொருத்திவிடலாம்). பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் சார்டின் டின்னும் ரப்பர் விதையும் போதும். விதை மட்டும் இப்போது கிடைப்பது அரிது. பக்கத்தில் எங்கு பார்த்தாலும் செம்பனைதான்.

கடைசியாக, மிக முக்கியமானது. ஃபியூரோஸ் எளிதில் விழுங்கக்கூடிய அளவில் இருக்கின்றான். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் இதனைத் தரையில் விட்டுவைக்கவே கூடாது. எங்கள் வகுப்பில் அவனுக்கு ஒரு பழைய மைலோ டின் இருக்கின்றது. மணி அடித்தவுடன் அவனை உள்ளே வைத்து மூடி, எண்ணிக்கைப் புத்தகத்தில் கையொப்பம் இடுவது அன்றைய வகுப்புக் கண்காணிப்பாளரின் வேலை.