சாவி யார் இடுப்பில்?

நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. ஊரில் ஒரு சாவு. இனிமே பறையடிக்க வர மாட்டோம்னு எங்க சேரி அண்ணன்மார்கள் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க்கட்டுப்பாடு. சேரியாளுக்குக் கழனியில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, எங்க மாடு அவங்க வரப்பில் மேயக்கூடாது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு குடிசைக்கும் தீ வைக்கவில்லை. சும்மா காத்திருந்தார்கள். பத்தாம் நாள் எங்கள் பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார்கள். பறை மறுபடியும் அடித்தது.

கோழைங்க என்று நான் கத்தினேன். எங்கம்மா சொன்னது: "பானையில அரிசி இருக்கறவன் பேசற பேச்சுடா அது."

அது கார்த்திகை மாசம். வேலை இல்லாத மாசம். எங்கம்மா கூடையோடு போய், "ஆண்டே, ரெண்டு மரக்கா நெல்லு குடுங்க, தை அறுப்புல குடுத்துடறேன்" என்று வாசலுக்கு வெளியே நிற்கிற மாசம். கொடுக்கும்போது தலை தட்டி அளப்பான். வாங்கும்போது கோபுரமாய்க் குவித்து அளப்பான், ஒண்ணுக்கு ஒண்ணரையாக. அறுத்தவள் எங்கம்மா. அடித்தவள், தூற்றியவள் எங்கம்மா. நெல் போய்ச் சேர்ந்த பத்தாயத்தின் சாவி மட்டும் அவன் பொண்டாட்டி இடுப்பில்.

இதை நம் தலைவர்கள் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த கோரிக்கைப் பட்டியலில், தாழ்த்தப்பட்டவர்களைப் புறக்கணித்து ஒதுக்கிவைப்பதைக் குற்றமாக்கித் தண்டிக்க வேண்டும் என்றும் இருந்தது. கொளுத்துவது மட்டும் கொடுமை அல்ல, கொடுக்காமல் நிறுத்துவதும் கொடுமை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்களே, அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தது என்ன? கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதானே!

இப்போது தோழர்கள் பலர் 'உணவு வங்கி' ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். நல்ல விஷயம். 2020 ஊரடங்கில் நாங்களும் அரிசிப் பை கட்டிக் கொடுத்தோம். பசித்தவனுக்கு அன்றைய சோறு பெரிசு, அதைக் கேலி பேச மாட்டேன். ஆனால் அன்றைக்கும் எங்க ஜனம் வரிசையில்தான் நின்றது. கொடுத்த கை எங்களுடையது என்பதால் நீட்டிய கையின் கூச்சம் குறைந்துவிடுமா? நாலு மாசத்தில் பை தீர்ந்தது. வரிசை மட்டும் பழகிப்போனது.

வேறு மாதிரி வங்கியும் உண்டு. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம், அப்போது மேடக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி. அங்கே தக்காண வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து தலித் பெண்களின் சங்கங்கள் 1990களின் நடுவில் ஒரு வேலை செய்தன. தரிசாய்க் கிடந்த நிலத்தை உழ, சங்கம் முன்பணம் கொடுத்தது. வாங்கியவர்கள் பணமாய்த் திருப்பவில்லை, சோளமாய்த் திருப்பினார்கள். அந்தச் சோளம் வெளியூர் கிடங்குக்குப் போகவில்லை, அந்தந்தக் கிராமத்திலேயே இருந்தது. யார் வீட்டில் பட்டினி, யாருக்கு எவ்வளவு என்று பெண்களே பொதுவில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். கஷ்டமான மாசங்களில் மலிவு விலைக்கு அளந்தார்கள். அந்தக் காசு திரும்பவும் நிலத்துக்குப் போனது. உழவு வேலை, தட்டை, விதை எல்லாம் கூடவே வந்தன. முன்பு பண்ணை வாசலில் கூலிக்கும் கடனுக்கும் நின்ற பெண்கள், தாங்களே மரக்காலைப் பிடித்தார்கள். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

சோறு போடுவது அரசியலா என்று கேட்கிற மாணவர்களுக்கு ஒன்று. 1969 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். அவர்களிடம் துப்பாக்கியும் இருந்தது. ஆனால் எஃப்.பி.ஐ. தலைவன் ஹூவர், கட்சியை ஒழிக்கும் வேலைக்கு இந்தச் சாப்பாடே பெரிய இடைஞ்சல் என்று எழுதினான். எதிரிக்குப் புரிந்தது நமக்குப் புரிய வேண்டாமா?

ரேஷனில் 2011இலிருந்து அரிசி சும்மா கிடைக்குதே, இன்னும் எதுக்கு வங்கி என்பார்கள். அந்த அரிசி நம் உரிமை. ஒரு மணிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. ஆறு பேர் உள்ள வீட்டில் மாசக் கடைசி வரைக்கும் வருமா? பருப்பு, கேழ்வரகு, விதை, கைச்செலவு? கடை ஊர்த்தெருவில் இருந்தால், கட்டுப்பாடு போட்ட அன்றைக்கு அந்தத் தெருவில் எப்படி நடப்பது? அரசாங்கத்திடம் கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். தானிய வங்கி அதற்கு மாற்று அல்ல, நிலத்துக்கும் மாற்று அல்ல. நிலம் கேட்டுப் போராடுகிறவன் பத்தாம் நாள் திரும்பி வராமல் இருப்பதற்கான ஏற்பாடு.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். சேரிக்கு ஒரு குதிர். கூலி நெல் வந்தாலும், சந்தையில் வாங்கினாலும், அறுப்பு காலத்தில் விலை இறங்கும்போது வீட்டுக்கு இரண்டு மரக்கால் சேர்ப்போம். ஒரே மரக்கால், கொடுக்கவும் வாங்கவும் தலை தட்டியே அளப்போம். வட்டி கிடையாது. தனியாக இருக்கும் கிழவிக்கும் கைம்பெண்ணுக்கும் திருப்பித் தரும் கணக்கே கிடையாது. கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும். படம் பிடிக்கிறவனுக்கு இடமில்லை. சாவி பெண்களிடம். நம்ம ஆம்பளைங்க கையில் சாவி போனால் அது சீக்கிரமே இன்னொரு பத்தாயம் ஆகிவிடும், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்க பெரியவர்கள் அன்று கோழைகள் இல்லை. அவர்கள் ஒன்பது நாள் நின்றார்கள். பத்தாம் நாளுக்கு நெல் இல்லை, அவ்வளவுதான்.