ஊர்க் கண்மாய் யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் கண்மாய்க்கு 70 ஏக்கர் ஆயக்கட்டு. வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டதால் கடைசித் தண்ணீர் இல்லாமல் நெல் காய்கிறது. மனு கொடுத்தால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. என்ன செய்வது?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஆகவே உங்கள் மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். ஆயக்கட்டு, சர்வே எண் விவரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மனுவோடு நிற்காமல், ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் கிராம சபைக்குப் போங்கள். அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென உள்ள 29 பொருள்களில் சிறுபாசனமும் ஒன்று. வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைத்தான் பிறகு எடுத்துக் காட்டிக் கேட்க முடியும். வரத்துக்கால் சீரமைப்பு, மடை பழுது, தூர்வாருதல் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மார்ச் 22 கூட்டம் இதற்கு ஏற்றது. அடுத்து வரும் கோடையில் கண்மாய் காய்ந்திருக்கும்.

வேலையை வரத்துக்காலில் தொடங்குங்கள். அது அடைத்திருந்தால் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் வராது. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும்.

வண்டலை வயலுக்குக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி பெறலாம். செம்மண், மணற்பாங்கான நிலத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். களி நிலத்தில் கொட்ட வேண்டாம்.

தூர்வாரியதோடு விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் கருவேல் மறுபடி மண்டிவிடும். ஆண்டுதோறும் சபையில் கண்மாயைப் பற்றிக் கேளுங்கள்.