முகப்புக்கு முன் நடைமேடை: பரங்கிமலை ரயில் நிலையம் குறித்து எங்கள் நிலைப்பாடு

பரங்கிமலை ரயில் நிலையத்தில் இனிச் செலவழிக்கும் பணம் முதலில் நடைமேடைகளுக்கும் தண்டவாள அமைப்புக்கும் போக வேண்டும். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் அன்றாடம் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருகிறவர்களின் சங்கமாக நாங்கள் கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது. இதை ரயில்வே நிர்வாகத்துக்கும், மெட்ரோ நிறுவனத்துக்கும், தமிழ்நாடு அரசுக்கும், தினமும் எங்களோடு தோள் இடித்து நிற்கும் சக பயணிகளுக்கும் முன்வைக்கிறோம்.

அம்ரித் பாரத் திட்டத்தில் மேம்படுத்தப்பட்ட நிலையங்களைப் பிரதமர் 2025 மே 22 அன்று திறந்துவைத்தார். அவற்றில் பரங்கிமலையும் ஒன்று. நல்ல நுழைவாயிலும் வெளிச்சமும் வேண்டியவைதான். அவற்றை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் இங்கே நெரிசல் வாசலில் நடப்பதில்லை. மின்சார ரயில் நின்று புறப்படும் அந்த அரை நிமிடத்தில், நடைமேடையின் விளிம்பில் நடக்கிறது. இந்தக் கூட்டம் குறையப்போவதும் இல்லை. 2016-இல் மெட்ரோ இங்கே வந்து சேர்ந்தது. வேளச்சேரியிலிருந்து 5 கி.மீ. நீளும் பறக்கும் ரயில் பாதை முடிவதும் இங்கேதான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் இந்த வழியாகவே போகிறது. மேலே எத்தனை தடங்கள் வந்தாலும், தாம்பரத்துக்கோ எழும்பூருக்கோ போக வேண்டியவர்கள் இறங்கி வரப்போவது கீழே இருக்கும் அதே நடைமேடைகளுக்குத்தான்.

2018 ஜூலை 24-ஆம் தேதி காலையை இந்தத் தடத்தில் பயணிக்கும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பிக் கோளாறு காரணமாக, கடற்கரையிலிருந்து திருமால்பூர் சென்ற மின்சார ரயில் புறநகர்ப் பாதையை விட்டு விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்டது. அலுவலக நேரக் கூட்டம், படியிலும் ஆட்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்புச் சுவரில் அவர்கள் மோதினார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

படியில் தொங்கியது அவர்கள் குற்றம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். படிப் பயணம் உயிரைப் பறிக்கும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்கு எதிராக நாங்களும் பேசிவருகிறோம். ஆனால் அந்தப் பதில் பாதிக் கேள்விக்குத்தான் பொருந்தும். மின்சார ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3.66 மீட்டர். விரைவு ரயில் பெட்டிகள் 3.25 மீட்டர் அளவில்தான் இருக்கும். அகலம் குறைந்த வண்டிகளே பெரும்பாலும் ஓடும் பாதையில், அகலமான வண்டி, திறந்த கதவுகளோடு, நிரம்பி வழியும் கூட்டத்தோடு திருப்பிவிடப்படுகிறது. அப்படி ஒரு நாள் வரும் என்பது பாதையை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. நான்கு பாதை உள்ள தடத்தில் ஒன்றில் பழுது வந்தால் அடுத்ததில் வண்டியை விடத்தானே செய்வார்கள்?

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இது. மின்சார ரயில் எந்தப் பாதையில் எப்போதாவது திருப்பிவிடப்படலாமோ, அந்தப் பாதை முழுவதையும் மின்சார ரயில் பாதையாகவே கருதி அளக்க வேண்டும். சுவர், தூண், சிக்னல் கம்பம், படிக்கட்டின் பக்கச் சுவர் ஆகியவை ஒவ்வொன்றும் பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை, கதவோரம் ஆள் நிற்பதாகக் கணக்கில் கொண்டு பார்க்க வேண்டும். தானியங்கிக் கதவுள்ள ஏசி மின்சார ரயில் 2025 ஏப்ரலில் இந்தத் தடத்துக்கு வந்துவிட்டது உண்மை. எல்லா வண்டிகளும் அப்படி மாறும்வரை இந்த அளவீடு தள்ளிப்போகக் கூடாது.

அடுத்தது தண்டவாளங்களின் வரிசை. கடற்கரை–தாம்பரம் இடையே புறநகர் ரயில்களுக்கு ஒரு ஜோடிப் பாதை, விரைவு ரயில்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. செங்கல்பட்டு வண்டி சில வேளைகளில் இதில் வரும், சில வேளைகளில் அதில் வரும். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒலிபெருக்கி தொடங்கிய உடனே நடைமேடையில் நிற்கும் அத்தனை பேரும் தலையை நிமிர்த்துவதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி வேறு நடைமேடைக்கு வருகிறது என்று தெரிந்ததும் ஓட்டம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றி ஏறும் முழங்கால் வலிக்காரர், அவர்களை விலக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவும் மாணவர்கள். பாலத்தில் நடுவழியில் இருக்கும்போதே கீழே வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு. இந்தக் காட்சிக்கு அறிவிப்பாளர் காரணமில்லை, பாதைகளின் வரிசையே காரணம். ஒரே திசையில் போகும் சாதாரண வண்டியும் விரைவு வண்டியும் ஒரே நடைமேடையின் இரு பக்கமும் வந்து நின்றால், திரும்பி நின்றுகொண்டாலே போதும். நியூயார்க் சுரங்க ரயிலில் பல நிலையங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை எல்லாவற்றையும் பெயர்த்து இப்படி மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பாதைகள் ஒன்றையொன்று தாண்ட மேம்பாலம் கட்ட வேண்டியிருக்கும்; இருபுறமும் வீடும் கடையும் நெருங்கிவிட்ட இடத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் தாம்பரம்–செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதை முடிந்து நான்காவதைப் பற்றித் திட்டமிடும் இந்த நேரத்தில், அந்தப் பகுதிக்காவது திசைவாரியாகப் பாதைகளைச் சேர்க்க முடியுமா என்று ஆராய வேண்டும். பாதை போட்ட பிறகு இந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை. பரங்கிமலையைப் பொறுத்தவரை, வண்டி வருவதற்குக் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் நடைமேடை மாற்றம் அறிவிக்கப்படக் கூடாது. தவிர்க்கவே முடியாமல் மாற்றினால், பாலத்தில் இருப்பவர்கள் இறங்கி வரும்வரை வண்டி நிற்க வேண்டும்.

மூன்றாவது, படிக்கட்டு. 12 பெட்டி மின்சார ரயில் ஏறத்தாழ கால் கிலோமீட்டர் நீளம். இறங்கும் நிலையத்தில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக வரும் என்பது தினசரிப் பயணிக்கு மனப்பாடம். அதனால்தான் சில பெட்டிகளில் மூச்சுமுட்டும் கூட்டம் இருக்கும்போதே அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் கால் நீட்ட இடம் இருக்கிறது. பெட்டியைக் கூட்டாமல், வண்டியைக் கூட்டாமல் இந்த நெரிசலைக் குறைக்க வழியுண்டு: நடைமேடையின் நீளத்தில் மூன்று இடங்களிலாவது ஏறி இறங்க வசதி செய்து, அவற்றில் ஒன்றை நேராக மெட்ரோ, பறக்கும் ரயில் தளங்களோடு இணைப்பது. மும்பையில் 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகலான நடைபாலத்தில் 23 பேர் நசுங்கி இறந்தார்கள். அந்த நிலையத்தில் ரயில்களுக்குப் பஞ்சமில்லை. இறங்கியவர்கள் வெளியேற வழிதான் போதவில்லை.

நடைமேடையின் அகலத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கூரைத் தூண், அதை ஒட்டி இருக்கை, அடுத்து குப்பைத் தொட்டி, பிறகு ஒரு கடை என்று வைத்துக்கொண்டே போனால், தூணுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வர முடியாது. பார்வையற்றவருக்காகப் பதித்த புள்ளி ஓடுகள் மேல் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தால் அவர் எங்கே நடப்பார்? படிக்கட்டின் அடிவாரத்திலும் மின்தூக்கியின் வாசலிலும் எதுவுமே இருக்கக் கூடாது.

இன்னும் நடைமேடைகள் வேண்டும் என்றுதான் பல பயணிகள் கேட்கிறார்கள். எங்கள் கூட்டத்திலும் இதைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. எண்ணிக்கையைவிட அகலம் முக்கியம் என்ற முடிவுக்கு வந்தோம். மும்பை தாதரில் 2023-இல் ஒரு நடைமேடையை நிரந்தரமாக மூடி, அந்த இடத்தைக் கொண்டு அடுத்ததை அகலப்படுத்தினார்கள். 2024 மே கடைசியில் தாணேயில், 63 மணி நேரம் பாதையை நிறுத்தி, தண்டவாளத்தையே நகர்த்தி வைத்து, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக இறக்கி 5, 6-ஆம் நடைமேடைகளை இரண்டு மூன்று மீட்டர் அகலமாக்கினார்கள். வண்டிகள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின, மக்கள் சிரமப்பட்டார்கள். ஆனால் சொன்ன நாட்களுக்குள் வேலை முடிந்தது.

சென்னையில் எங்கள் அனுபவம் வேறு மாதிரி. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், 4.3 கி.மீ. பாதைப் பணி முடிந்து ரயில் திரும்ப ஓடியது 2024 அக்டோபரில். பரங்கிமலையில் வேலை நடக்கும்போது சிரமத்தை ஏற்க நாங்கள் தயார். அதற்கு ஈடாக நாங்கள் எதிர்பார்ப்பவை உண்டு. பாதை நிறுத்தம் வார இறுதிகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் இருக்க வேண்டும். அந்த நாட்களில் ரயில் சீசன் டிக்கெட்டையே மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் ஏற்க வேண்டும். மாதக் கடைசியில் இரட்டைக் கட்டணம் கொடுக்க எல்லாராலும் முடியாது.

வரைபடம் இறுதியாவதற்கு முன் அதைத் தமிழில், நிலையத்திலேயே, எல்லாரும் நின்று பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பகல் 11 மணிக்கு வைத்தால் இந்த நிலையத்தைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்பார்கள். வேலை நாள் ஒன்றில் மாலை 7 மணிக்குப் பிறகு நடத்துங்கள். அதற்கு முன் அதே நாள் காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை வடிவமைப்புப் பொறியாளர்கள் எங்களோடு நடைமேடையில் நிற்க வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.