ஆறு மாசம் தாண்டினால் பேச்சு திரும்பாதா?

"காபி வேணும்" என்று சொல்ல நினைப்பவர் "செருப்பு வேணும்" என்கிறார். வீட்டில் சிரித்துவிடுகிறார்கள், அவருக்குக் கண் கலங்குகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் இந்தச் சிக்கலின் பெயர் அஃபேசியா. தடுமாறுவது மொழிதான், அறிவு அல்ல.

"ஆறு மாசம் ஆயிடுச்சு, இனி வந்த வரைக்கும்தான்" என்று பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். 2017-ல் 'லான்செட்' வெளியிட்ட ஜெர்மனி ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஆறு மாதம் கடந்த 156 பேரில், 3 வாரம், வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் பேச்சுப் பயிற்சி எடுத்தவர்களின் அன்றாடப் பேச்சு முன்னேறியது. பயிற்சிக்குக் காத்திருந்தவர்களிடம் அது இல்லை.

சரி, அணுபுரத்தில் இருப்பவர் வாரம் 10 மணி நேரத்துக்குச் சென்னைக்கு அலைய முடியுமா? வீட்டார் தலையில் கட்டிவிடுவதும் தீர்வல்ல. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகளோடு நடந்த 'அட்டெண்ட்' ஆய்வில், குடும்பத்தினரே மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. (அது பேச்சை மட்டும் பார்த்த ஆய்வு அல்ல.)

நடுவழி ஒன்று உண்டு. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து அலசிய 'ரிலீஸ்' ஆய்வில், வாரம் 2 முதல் 4 மணி நேரப் பயிற்சியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சியாளர் தரும் வீட்டுப்பாடமும் கைகொடுத்தது. அதனால் பேச்சுப் பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியவை: வாரம் எத்தனை மணி நேரம்? வீடியோ காலில் முடியுமா? வீட்டில் என்ன செய்ய வேண்டும்? பேரன் பெயர், மீன்காரரிடம் பேசும் சொற்கள் என அவருக்குத் தேவையானவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்.