வீட்டுக்கு வேண்டியவை: கழுவிய காரை உலர்த்தும் முறை

டில்லியிலும் பிற வடநாட்டு நகரங்களிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு சிறிய கார் நிற்கிறது. அதை ஆடம்பரப் பொருள் என்று சொல்லுவதற்கில்லை. பல ஆண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து வந்த பொருள் அது. மாற்றல் உத்தரவு வந்தால் நல்ல விலைக்குக் கைமாற வேண்டிய பொருளும் ஆகும். விலைக்குக் கேட்க வருபவர் வெயில் சாய்வாக விழும் பக்கம் நின்று பானெட்டை உற்று நோக்குவார். சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்களும், வெண்மையான நீர்த்திட்டுகளும் கண்ணிற் பட்டால் பேரம் அங்கேயே இறங்கிவிடும். இவ்விரு கேடுகளும் பெரும்பாலும் ஓட்டத்தினால் வருவன அல்ல. கழுவுவதிலும், கழுவியபின் உலர்த்துவதிலும் காட்டும் அசட்டையால் வருவன. ஆகவே இம்மாதம் உலர்த்துதல் பற்றியே எழுத முற்பட்டேன்.

“கழுவிவிட்டால் போதாதா? வெயிலில் தானே காய்ந்துவிடுமே!” என்று கேட்பவர் உண்டு. நீர் காயும், நீரில் கரைந்திருப்பது காயாது. டில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல குடியிருப்புகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே புழக்கத்தில் இருக்கிறது. கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த கடின நீர் அது. வீட்டு வாளியின் உட்புறத்திலும் குளியலறைக் குழாயின் வாயிலும் படியும் வெண்பூச்சு எதுவோ, அதுவே கார்மீதும் படிகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வகுத்த விதியின்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 400 மில்லிகிராம் உள்ள நீரில் கால் லிட்டர் கார்மேல் தங்கிக் காய்ந்தால், 100 மில்லிகிராம் சுண்ணாம்பு துளித்துளியாக அங்கே உறைகிறது. வாரந்தோறும் இது நடந்து, மேலே கோடை வெயிலும் சுட்டால், திட்டு வெறும் படிவாக நில்லாமல் பூச்சையே அரிக்கத் தொடங்கும். நீர் தானே காய்வதற்கு முன் நாம் அதை எடுத்துவிட வேண்டும் என்பதே இதன் சாரம்.

அப்படியானால் கைக்கு அகப்பட்ட துணியால் அவசரமாகத் தேய்க்கலாமா? கூடாது. காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு காப்புப் பூச்சு உண்டு. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. தெருப்புழுதியில் கலந்துள்ள மணலோ கண்ணாடியையும் கீறும் கடினமுடையது. ஈரத்துணியில் நான்கு மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டால், அத்துணி துணியாக இராது, உப்புத்தாள் ஆகிவிடும். அதைக் கொண்டு வட்டவட்டமாகத் தேய்க்கத் தேய்க்கக் கீறலும் வட்டவட்டமாகவே விழும். பழைய பனியன், கிழிந்த வேட்டி, தடித்த தையலோரம் உள்ள துண்டு ஆகியவை தரை துடைக்க உதவும், காருக்கு ஆகா.

இதற்கென்று விற்கும் மைக்ரோபைபர் துணிகள் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டரும் நைலானும் கலந்து, மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய இழைகளாகப் பிளந்து நெய்தவை அவை. இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் ஏறிக்கொள்வதால், தம் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். ஓரத்தில் முரட்டுத் தையலோ, சீட்டோ இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இனி, முறையைக் கூறுவேன். காரை நிழலில் நிறுத்தி, உடல் சூடு தணிந்த பின்னரே கழுவத் தொடங்குக. சவர்க்கார நுரை முழுதும் போனபின், கடைசி நீரை விசிறி அடிக்காமல், கூரையிலிருந்து குவளையால் மெல்லச் சாய்த்து ஊற்றுக. அவ்வாறு செய்தால் நீர் துளிகளாகச் சிதறாமல் ஒரே தகடுபோல் வழிந்து, தன்னுடன் பெரும்பகுதி நீரையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். துடைக்கும் வேலை பாதியாகக் குறையும்.

பிறகு, முதல் துணியைச் சற்றே நனைத்துப் பிழிந்து, விரித்துக் கூரைமேல் இடுக. இரு முனைகளையும் பிடித்து மெதுவாகத் தன்பக்கம் இழுக்க வேண்டும். அழுத்தவோ தேய்க்கவோ வேண்டுவதில்லை. துணியின் எடையே போதும். கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேற்பாதி, கடைசியாகக் கதவுகளின் அடிப்பகுதி என்று மேலிருந்து கீழே வருக. அழுக்கும் மணலும் எப்போதும் அடியிலேதான் மிகுதி. அடியைத் தொட்ட துணி மறுபடி மேலே ஏறலாகாது. எஞ்சிய ஈரத்தை இரண்டாவது துணியால், உலர்ந்த நிலையிலேயே, ஒற்றி எடுக்கலாம். சக்கரங்களுக்குத் தனியாக ஒரு பழந்துணி வைத்துக்கொள்க. துணி தரையில் விழுந்தால், அலசாமல் அதைத் திரும்ப எடுத்துத் துடைக்கக் கூடாது. நீரை வழிக்கும் ரப்பர்த் தகட்டைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வதே நலம். வண்ணத்தின்மேல் அதன் விளிம்பில் ஒரு மணல் சிக்கினாலும் நீண்ட கோடு விழுந்துவிடும். இரண்டு துணிகளும் பழகிய கையும் இருந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கண்ணுக்குத் தெரியும் இடம் உலர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. ரயில்வேயில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்த பாடம் ஒன்று உண்டு. எஃகுப் பெட்டிகளில் துரு முதலில் பிடிப்பது மழை நேரே அடிக்கும் பக்கவாட்டில் அன்று. கழிப்பறைக்கு அடியிலும், வாயிற்படி ஓரத்திலும், நீர் மறைந்து தேங்கும் மூலைகளிலுமே ஆகும். காருக்கும் அதே நியதிதான். நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து, உள்விளிம்புகளையும் ரப்பர்ப் பட்டைகளையும் துடைத்துச் சிறிது நேரம் திறந்தே வைத்திருங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மண் அடைத்திருந்தால் மெல்லிய குச்சியால் நீக்குக. பக்கக் கண்ணாடியின் கூட்டிலும், கைப்பிடியின் பின்னும், எண் பலகையின் இடுக்கிலும் தங்கிய நீர், துடைத்து முடித்த பின் கோடாக வழியும். கணிப்பொறியின் தூசு போக்கும் சிறு காற்றூதி வீட்டில் இருந்தால் அதைக் கொண்டு இவ்விடுக்குகளை ஊதிவிடலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது பிரேக். வண்ணம் கெட்டால் பணம் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் போவது வேறு. கழுவும்போது சக்கரத்தினுள் புகும் நீர் பிரேக்கின் பிடியைச் சிறிது நேரம் தளர்த்திவிடும். நம் நாட்டுச் சிறிய கார்களுள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே உண்டு. அதனுள் புகுந்த ஈரம் விரைவில் வெளியேறாது. ஆதலால் கழுவியவுடன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் புறப்படலாகாது. ஆளரவமற்ற இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை ஐந்தாறு முறை மென்மையாக மிதித்து விடுக. அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும். தட்டில் துரு படர்வதும் குறையும். சில நாள் காரை எடுக்கப் போவதில்லை என்றால், ஈரத்தோடு கைப்பிரேக்கை இழுத்து நிறுத்த வேண்டாம். டிரம்மோடு ஒட்டிக்கொள்வது உண்டு. சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து வைக்கலாம்.

பருவத்துக்கேற்பவும் நடந்துகொள்ள வேண்டும். மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையிலேயே கழுவி முடித்துவிடுக. பத்து மணிக்கு மேல் துணி போய்ச் சேருமுன் துளி காய்ந்துவிடும். ஜனவரி மூடுபனியில் இதற்கு நேர்மாறு. நீர் தானே காயவே காயாது. அப்போது நண்பகல் இளவெயிலில் கழுவுதல் நன்று. தண்ணீர்ச் சிக்கனமும் கருத வேண்டுவதே. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவுவோருக்கு 5,000 ரூபாயும், மே இறுதியில் டில்லியில் ரப்பர்க் குழாய் பிடித்துக் கழுவுவோருக்கு 2,000 ரூபாயும் அபராதம் என அறிவித்தனர். இரண்டு வாளி நீரும் ஒரு குவளையும் இருந்தால் மேற்கூறிய யாவும் இயலும்.

இறுதியாக ஒன்று. நம் காலனிகளில் பலர் தாமே கழுவுவதில்லை. விடியுமுன் ஒரு பையன் வருகிறான். ஒரே வாளி, ஒரே துணி. எட்டு மணிக்குள் இருபது கார்கள். முதற்காரின் மணல் இருபதாம் கார்வரை பயணம் செய்கிறது. கீறல் விழுந்ததும் அவனைக் கடிந்து, கூலியில் பத்து இருபது பிடித்துக்கொள்பவர்களைக் காண்கிறோம். அவன் கையில் நாம் கொடுத்தது என்ன? நம் வீட்டுக்கென்று இரண்டு நல்ல துணிகளைக் கொடுத்து, ஒரு வாளி புதுத் தண்ணீரும் வைத்து, மேலிருந்து கீழே துடைக்கும் முறையை ஒருநாள் உடன் நின்று சொல்லுங்கள். குளிர்காலத்தில் அந்நீர் சிறிது வெதுவெதுப்பாக இருந்தால் அவன் விரல்களும் வாழ்த்தும். துணியை மட்டும் அவனிடமே விட்டுவிடாமல், வேலை முடிந்ததும் வாங்கி, வீட்டில் தனியாக அலசிக் கொடியில் உலர்த்திவிடுங்கள். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். துணிக்கு மென்மையூட்டும் திரவம் இட்டால் நீர் உறிஞ்சும் ஆற்றல் போகும். இவ்விரண்டையும் தவிர்த்தால் ஒரே துணி நெடுநாள் உழைக்கும்.